24 ஹெச்பி மினி டிராக்டருக்கு எந்த டிரெய்லர்?

வணக்கம். தேனி மாவட்டம் சுருளிப்பட்டியில் 2 ஏக்கர் திராட்சைத் தோட்டம். வண்டி குபோட்டா பி2441, 4 வீல் டிரைவ். பந்தலுக்குள் நுழைய இந்தச் சின்ன வண்டிதான் சரி, அதில் குறையே இல்லை. சிக்கல் டிரெய்லரில்.

மூன்று மாதம் முன்பு பழைய ரெண்டு சக்கர டிரெய்லர் ஒன்று வாங்கினேன். பெரிய டிராக்டருக்குச் செய்தது, பிரேக் கிடையாது. ஒரு டன் தொழு உரம் ஏற்றினால் வாய்க்கால் கரை ஏற்றத்தில் முன் சக்கரம் ஒரு சாண் தூக்குகிறது, ஸ்டியரிங் கையில் நிற்பதில்லை. இறக்கத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளுகிறது. போன வாரம் வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு வரப்பில் ஏறி நின்றது. தம்பி ஓட்டினான், நல்லவேளை அடி இல்லை. அன்றிலிருந்து அதைத் தொடவே பயம்.

பாரத்தைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன், முன்பக்கம் இறங்கியது, ஆனால் ரோட்டில் டிரெய்லர் ஆடுகிறது. டிரெய்லரை மாட்டும் கொக்கியைக் கீழ்த் துளைக்கு மாற்றினேன், கொஞ்சம் தேவலை. முன்னால் 60 கிலோ வெயிட் மாட்டியும் ஏற்றத்தில் போதவில்லை. இறக்கத்தில் லோ கியரில்தான் வண்டியை இறக்குகிறேன். அப்புறம் பாதி பாரம் ஏற்றினால் பிரச்சினை இல்லை, ஆனால் நடை இரட்டிப்பாகிறது, டீசல் கட்டுப்படியாகவில்லை.

பட்டறையில் ஒருவர் நாலு சக்கர டிரெய்லர் என்கிறார், இன்னொருவர் பிரேக் வைத்த சின்ன ரெண்டு சக்கரமே போதும் என்கிறார். பந்தல் வரிசையின் கடைசியில் திருப்ப இடம் 12 அடிதான்.

இதே அளவு வண்டியில் மேடு பள்ளத்தில் ஒரு டன் இழுப்பவர்கள் சொல்லுங்கள்: இந்த இரண்டில் எதை வாங்கலாம்?