பிஎச்டி படிப்பில் வயிறும் இதயமும் ஒரே தாளில் வேண்டுமா?

கற்பகம்:
எங்கள் உயிர் அறிவியல் துறையில் பிஎச்டி முதல் பருவப் பாடத்திட்டத்தைத் திருத்துகிறோம். நோய்களைப் பற்றிய தாளில் இப்போது வாரத்துக்கு ஓர் உறுப்பு. ஒரு வாரம் நுரையீரல், அடுத்த வாரம் சிறுநீரகம், அப்புறம் மூளை. எம்பிபிஎஸ் புத்தகத்தின் சுருக்கத்தைப் படித்து, எழுதி, மறந்துவிடுகிறார்கள். மற்றதையெல்லாம் விட்டுவிட்டு செரிமான நோய்களையும் இதய நோய்களையும் மட்டும் சேர்த்து ஒரு பருவம் முழுக்கப் படிக்க வைக்கலாம் என்பது என் யோசனை. பக்கத்து மருத்துவக் கல்லூரியில் நடக்கும் கேஸ் விவாதங்களுக்கும் மாணவர்கள் போகவேண்டும்.

ஏன் இந்த இரண்டு? கொலஸ்டிராலைப் பாருங்கள். கல்லீரல் அதைப் பித்த அமிலமாக்கிக் குடலுக்கு அனுப்புகிறது. அதில் சுமார் 95 சதவீதத்தைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சித் திருப்பி அனுப்பிவிடும். அந்த வழியை, பித்த அமிலத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு பிசினால் மறித்தால், புதிதாகப் பித்த அமிலம் செய்யக் கல்லீரலுக்குக் கொலஸ்டிரால் தேவைப்படும். ரத்தத்தில் கொலஸ்டிராலைச் சுமந்து திரியும் எல்டிஎல் துகள்களை இழுத்துக்கொள்ளும். கொலஸ்டிரமின் என்ற பிசின் மருந்து வேலை செய்வது இப்படித்தான். மாரடைப்பைத் தடுக்கக் கொடுத்த அந்த மருந்து குடலைத் தாண்டிப் போவதே இல்லை. எல்டிஎல்லைச் செல்லுக்குள் இழுக்கும் ஏற்பியைக் கண்டுபிடித்து 1985இல் நோபல் பெற்ற இருவரில் ஒருவரான மைக்கேல் பிரவுன், டல்லாஸ் மருத்துவக் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்தது இரைப்பை குடல் பிரிவில். இந்தக் கதையை இரண்டு தனித்தனி வாரங்களில் எப்படிச் சொல்வது?

மூலக்கூறு:
மேடம், இதை நான் எதிர்க்கிறேன். யுஜிசியின் 2022 விதிப்படி பாடப் பகுதிக்குக் குறைந்தபட்சம் 12 கிரெடிட். அதற்குள் ஆய்வு முறை, நெறிமுறைத் தாள் எல்லாம் அடங்கவேண்டும். புள்ளியியலே சரியாக வராமல் ஆய்வகத்துக்கு வருகிறார்கள். மிச்சம் இருக்கும் நேரத்தையும் நோய்க்குக் கொடுத்தால் அவர்கள் அரைகுறை மருத்துவர்களாகத்தான் வெளியே வருவார்கள்.

நோயின் பெயரால் பாடத்தைப் பிரிப்பதே எனக்கு உடன்பாடில்லை. 1960இல் பிராகாவில் நடந்த கூட்டத்தில் ராபர்ட் கிரேன், குளுக்கோஸும் சோடியமும் குடல் செல்லுக்குள் ஒன்றாகத்தான் நுழைகின்றன என்றார். அவர் வயிற்றுப்போக்கைப் பற்றிய தாளைப் படித்துவிட்டு அங்கே வரவில்லை. செல்லின் சவ்வைப் படித்தார். உப்பு சர்க்கரைக் கரைசல் ஏன் உயிர் காக்கிறது என்பதற்கு விளக்கம் அதிலிருந்துதான் கிடைத்தது. அதே குடும்பத்துப் புரதம் சிறுநீரகத்திலும் இருக்கிறது. அதைத் தடுக்கும் மாத்திரை இன்று இதயச் செயலிழப்புக்குத் தரப்படுகிறது. குடல், சிறுநீரகம், இதயம் மூன்றையும் இணைத்தது ஒரு கடத்திப் புரதக் குடும்பம். அதைச் சொல்லிக் கொடுங்கள், போதும்.

வார்டு டாக்டர்:
மூலக்கூறு சார், கிரேன் விஷயத்தில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ஆனால் அந்த மாத்திரை இதயத்துக்கு வந்து சேர்ந்த வழி வேறு. சர்க்கரை நோய்க்கு வரும் புது மருந்துகள் இதயத்தைக் கெடுக்கவில்லை என்று நிரூபிக்கச் சொல்லி 2008இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு கேட்டது. அதற்காக, நீங்கள் சொன்ன வகை மாத்திரையான எம்பாகிளிஃப்ளோசினை வைத்து நடத்திய சோதனையில், 2015இல், இதயச் செயலிழப்புக்காக மருத்துவமனையில் சேர்ப்பது நன்றாகக் குறைந்திருந்தது. சர்க்கரையே இல்லாத இதய நோயாளிகளுக்கும் பலன் உண்டு என்பது அதே வகையைச் சேர்ந்த டாபாகிளிஃப்ளோசின் வைத்து 2019இல் தெரிந்தது. ஏன் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. மூலக்கூறை நோக்கி விடை வந்தது நோயாளியின் பக்கத்திலிருந்து.

இன்னொன்றும் சொல்கிறேன். வயதானவர், ரத்தசோகை, மலம் கறுப்பாகப் போகிறது. எண்டோஸ்கோப்பியில் புண் இல்லை, கட்டி இல்லை. ரத்தம் ஏற்றி அனுப்பினால் திரும்ப வருகிறார். ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தால் முணுமுணுப்பு கேட்கிறது: மகாதமனி வால்வு சுருங்கியிருக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து வருவதை 1958இல் எட்வர்ட் ஹெய்ட் ஒரு சிறு கடிதமாக எழுதினார். காரணம் வெகுகாலம் கழித்துத்தான் புரிந்தது. குறுகிய வால்வு வழியே ரத்தம் பாயும்போது ரத்தம் உறைய உதவும் புரதமான வான் வில்லிபிராண்ட் காரணியின் நீண்ட சங்கிலிகள் இழுபட்டு விரிகின்றன, ஒரு நொதி அவற்றை வெட்டிவிடுகிறது. ரத்தம் உறையவேண்டிய இடத்தில் உறைவதில்லை. குடல் சுவரில் இருக்கும் மெல்லிய குழாய்ப் பின்னல்கள் கசிகின்றன. வால்வை மாற்றினால் பெரும்பாலும் குடலில் கசிவது நிற்கிறது. இயந்திரவியல், புரத வேதியியல், உறைதல், குடல் எல்லாமே ஒரு நோயாளியிடம் இருக்கிறது. ஆய்வு மாணவருக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

மருந்துப் பாதுகாப்பு (ஹைதராபாத்):
நான் மருந்து நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து சொல்கிறேன். சிசாப்ரைடு நெஞ்செரிச்சலுக்குத் தந்த மருந்து, குடலை இயங்க வைப்பது. அது இதயத் தசைச் செல்லிலிருந்து பொட்டாசியம் வெளியேறும் ஹெர்க் என்ற வாய்க்காலையும் அடைத்தது. சிலருக்கு இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போனது. எரித்ரோமைசின் போன்ற மருந்தோடு சேர்த்தால் ரத்தத்தில் அதன் அளவு ஏறிவிடும், ஆபத்தும் கூடும். அமெரிக்கச் சந்தையிலிருந்து 2000இல் போனது, இந்தியாவில் 2011இல்தான் தடை வந்தது. ரோஃபெகாக்சிப் இரைப்பைப் புண் வராத வலி மாத்திரை என்று வந்தது. மாரடைப்பு கூடியதால் 2004இல் திரும்பப் பெற்றார்கள். வயிற்றைக் காப்பாற்றப் போய் இதயத்தைக் கெடுத்த மருந்துகள் இவை. வேலைக்கு வரும் பிஎச்டிகளிடம் ஒரு குடல் மருந்தைக் கொடுத்தால், இதயத்தில் என்ன செய்யும் என்று தாங்களாகக் கேட்பவர்கள் குறைவு. நான் கற்பகம் மேடம் பக்கம்.

மூலக்கூறு:
ஹெர்க் ஒரு வாய்க்கால். வாய்க்கால்களை ஒழுங்காகப் படித்தவர் இந்தக் கேள்வியைக் கேட்பார், அதற்கு இதய நோய்த் தாள் வேண்டாம்.

என் பெரிய பயம் வேறு. குடலையும் இதயத்தையும் ஒரே தாளில் வைத்தால் மாணவர்கள் எல்லாவற்றிலும் இணைப்பைத் தேடுவார்கள். டிஎம்ஏஓ என்ற சேர்மத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டை, இறைச்சியில் இருக்கும் கோலின் என்ற சத்தைக் குடல் பாக்டீரியா மாற்ற, கல்லீரல் அதை டிஎம்ஏஓ ஆக்க, தமனியில் கொழுப்புப் படிகிறது என்று அமெரிக்காவின் கிளீவ்லாந்திலிருந்து 2011இல் கட்டுரை வந்தது. உடனே குடல் பாக்டீரியாதான் மாரடைப்புக்குக் காரணம் என்று பேச ஆரம்பித்துவிட்டார்கள். கடல் மீனில் டிஎம்ஏஓ அப்படியே நிறைய இருக்கிறது. மீன் தின்றால் இதயத்துக்குக் கெடுதல் என்றா சொல்வது? சிறுநீரகம் தளர்ந்தாலும் ரத்தத்தில் அது ஏறும், சிறுநீரகம் தளர்ந்தவருக்கு இதய நோய் எப்படியும் அதிகம். எது காரணம், எது கூட வந்தது? நோயை முன்னால் வைக்கும் பாடம் இந்தக் கேள்வியை மழுக்கிவிடும்.

கற்பகம்:
சார், நீங்கள் இப்போது எழுதிய பத்தியே என் பாடத்தின் நான்காம் வாரம். மீனையும் சிறுநீரகத்தையும் கேட்க மாணவருக்கு எங்கே கற்றுக்கொடுக்கிறோம்? வாய்க்கால்களைப் பற்றிய வகுப்பில் அந்தக் கேள்வி எழாது. நோயாளி சாப்பிடுவார், அவருக்கு வேறு நோய்களும் இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான் எழும்.

எலியும் அப்படித்தான். ஜப்பானில் அகிரா எண்டோ பூஞ்சையிலிருந்து எடுத்த, கொலஸ்டிராலைச் செய்யும் நொதியைத் தடுக்கும் காம்பாக்டினை எலிகளுக்குக் கொடுத்தபோது கொலஸ்டிரால் இறங்கவில்லை. எலியின் கல்லீரல் அந்த நொதியை இன்னும் அதிகமாகச் செய்து ஈடுகட்டிவிட்டது. முட்டையிடும் கோழிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது இறங்கியது. எலியோடு நிறுத்தியிருந்தால் கொலஸ்டிராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்துகள் வர இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ. நம் ஆய்வகங்களில் பாதிப் பேர் சுண்டெலியில்தான் இதய நோய் பார்க்கிறோம். அதன் இதயம் நிமிடத்துக்கு 500, 600 முறை துடிக்கிறது. ஜீனை மாற்றாமல் தமனி அடைப்பு எளிதில் வராது. மனித நோயைப் பார்க்காதவருக்கு இந்தத் தூரம் எப்படித் தெரியும்?

முதலாண்டு மாணவி:
எல்லாருக்கும் வணக்கம். நான் ஈஸ்ட் வைத்து ஆய்வு செய்கிறேன், இந்தத் தாள் வந்தால் படிக்கப்போவது எங்களைப் போன்றவர்கள்தான். எனக்குப் பாடம் பிடித்திருக்கிறது. ஆனால் வார்டுக்குப் போவதில் தயக்கம் இருக்கிறது. வலியில் படுத்திருப்பவரைச் சுற்றி, சிகிச்சை தரத் தெரியாத நாங்கள் ஏன் நிற்கவேண்டும்? அவர் சம்மதம் சொன்னாலும் மறுக்க முடியாமல் சொன்னதாக இருக்கலாமே.

வார்டு டாக்டர்:
நியாயமான கேள்விம்மா. படுக்கைக்குப் பக்கத்தில் வராதீர்கள். நோயியல் அறைக்கு வாருங்கள், பெயர் நீக்கிய கேஸ்களைப் பேசும் கூட்டத்துக்கு வாருங்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ராபின் வாரன் நோயியல் நிபுணர். இரைப்பைத் திசுவை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துப் பார்த்துத்தான் வளைந்த பாக்டீரியாவைக் கவனித்தார். பாரி மார்ஷல் அப்போது பயிற்சி மருத்துவர், ஒரு ஆய்வுத் தலைப்புக்காக அவரிடம் போனார். 1982 ஈஸ்டர் விடுமுறையில் வளர்ப்புத் தட்டுகள் இரண்டு நாளில் குப்பைக்குப் போகாமல் ஐந்து நாள் இருந்துவிட்டன, பாக்டீரியா வளர்ந்தது. இரைப்பைப் புண்ணுக்குக் கவலையும் அமிலமும்தான் காரணம் என்ற நம்பிக்கை அங்கே ஆட்டம் கண்டது. 2005இல் இருவருக்கும் நோபல். தட்டை வளர்க்கத் தெரிந்தவர்கள் நீங்கள்தான். அந்தத் திசுவைப் பார்க்க உங்களுக்கு இடம் வேண்டும் என்பதே என் வாதம்.

உயிர்ப்பொறியாளன்:
திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் மருத்துவமனையும் பொறியியல் பிரிவும் ஒரே நிறுவனத்துக்குள் இருந்ததால்தான் 1990இல் நம் நாட்டு இதய வால்வை நோயாளிக்குப் பொருத்த முடிந்தது. முதலில் செய்த மாதிரிகள் தோற்றன. ஏன் தோற்றது என்பதை அறுவை மருத்துவரும் பொறியாளரும் சேர்ந்து உட்கார்ந்து பார்க்க முடிந்தது. மற்ற இடங்களில் அந்த வசதி இல்லை, ஆகவே பாடத்திட்டத்தில்தான் அதை உண்டாக்க வேண்டும்.

மூலக்கூறு:
நோயியல் அறை என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கட்டாயத் தாள் என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். தாவரத்தில் ஆய்வு செய்பவரும் உங்கள் துறையில் பிஎச்டி சேர்கிறார், அவருக்கு இது எதற்கு? விருப்பத் தாளாக வையுங்கள். தேர்வில் நோயின் அறிகுறிகளைப் பட்டியலிடச் சொல்லும் கேள்வி ஒன்றுகூட வரக்கூடாது.

கற்பகம்:
அறிகுறிப் பட்டியல் கேள்வி வராது, அதை எழுதியே தருகிறேன். ஒரு கட்டுரையைக் கொடுத்து அதன் முடிவைக் கவிழ்க்க ஒரு சோதனை வடிவமைக்கச் சொல்வதுதான் தேர்வு. விருப்பத் தாள் என்பதில் எனக்கு மனமில்லை. விருப்பத் தாள் ஆனால் ஏற்கெனவே இதயத்தில் வேலை செய்பவர் மட்டும்தான் எடுப்பார், ஈஸ்ட் ஆய்வகத்திலிருந்து யாரும் வரமாட்டார்கள். தாவர ஆய்வாளருக்கு விலக்கு தரலாம், மற்றவர்களுக்குக் கட்டாயம் என்றே குழுவில் வைக்கிறேன். சார், டிஎம்ஏஓ வாரத்துக்கு எதிர்வாதம் சொல்ல நீங்களே வருவீர்களா?

மூலக்கூறு:
வருகிறேன். மீன் சாப்பிடுவோரை வைத்துச் செய்த ஆய்வுகளை மாணவர்கள் முன்கூட்டியே படித்துவிட்டு வரவேண்டும். கட்டாயத் தாளை எதிர்த்து உங்கள் குழுவுக்குக் கடிதமும் எழுதுவேன்.