96 பாரிஸ் ஃபைனல்: பந்து போர்டில் பட்டதா, இல்லையா?

பச்சை இலை:
ஐரோப்பியக் கூடைப்பந்தின் "திருட்டுக் கோப்பைகள்" என்று இங்கே ஒரு மேதாவி பட்டியல் போட்டிருக்கிறார். முதல் இடம் 1995–96 சீசனுக்காம். ஐரோப்பிய கிளப்களின் பெரிய கோப்பை ஃபைனல், பாரிஸ் பெர்சி அரங்கு, 1996 ஏப்ரல் 11, எங்க ஏதென்ஸ் கிளப் பனாதினைகோஸ் 67, பார்சிலோனா 66. கடைசி நொடிகளில் பார்சிலோனாவின் மொந்தேரோ ரிங் பக்கத்தில் போட்ட லே-அப் ஷாட்டை எங்க விரான்கோவிச் தட்டிவிட்டாராம், அது கோல்டெண்டிங்காம் (தொடக் கூடாத நேரத்தில் பந்தைத் தொடுவது), அதனால் கோப்பையே திருட்டாம். அரையிறுதியில் சிஎஸ்கேஏ மாஸ்கோவை 81–71 என்று சாத்தினோமே, எங்க 36 வயசு வில்கின்ஸ் ஒத்தை ஆளாக 35 பாயின்ட் போட்டாரே, அதையும் யார் வீட்டிலிருந்தாவது திருடினோமா?

ராம்ப்ளாஸ் ரவி:
அந்த மேதாவி நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். மாஸ்கோ மேட்சைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேள்வி ஒண்ணுதான், ரிங்குக்குப் பின்னால் இருக்கிற போர்டைப் பற்றி. பந்து போர்டில் பட்டதா, இல்லையா?

பச்சை இலை:
அந்தப் பந்து மொந்தேரோ கைக்கு எப்படி வந்தது? எங்க ஜனாகிஸ் கையிலிருந்து நழுவியது. அதிர்ஷ்டம் உங்கள் மடியில் வந்து விழுந்தது. 2.18 மீட்டர் மனுஷன் அந்தக் கோடியிலிருந்து ஓடி வந்து தட்டினார். அந்த ஓட்டத்தைப் பாருங்க முதல்ல. அமெரிக்க என்பிஏ லீக்கில் பாஸ்டன் செல்டிக்ஸில் பெஞ்சைத் தேய்த்தார் என்று கிண்டல் பண்ணினீர்களே, அதே ஆள்தான்.

ராம்ப்ளாஸ் ரவி:
ஓட்டப்பந்தயத்துக்கா கப் கொடுத்தாங்க? போர்டில் பட்டதா, இல்லையா?

விசில்:
இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்க. கோல்டெண்டிங் என்றால் என்ன என்பதை முதலில் பேசி முடிப்போமே. ஷாட் போர்டில் பட்ட பிறகு பந்து ரிங் மட்டத்துக்கு மேலே இருக்கிற வரைக்கும் அதைத் தொடக் கூடாது. அப்படிப் பார்த்தால் இரண்டு விஷயம் தெரியணும்: போர்டில் பட்டதா, கை பட்டபோது பந்து எந்த உயரத்தில்...

பச்சை இலை:
விசில் சார், வகுப்பெடுக்க வேற இடம் பாருங்க. கோர்ட்டில் நடுவர் ஊதலை. ஊதலைன்னா விதிமீறல் கிடையாது. முடிஞ்சது.

ராம்ப்ளாஸ் ரவி:
திருடன் மாட்டலைன்னா திருட்டே நடக்கலையா? சூப்பர் நியாயம். கடிகாரத்தையும் மறந்துட்டீங்க போல. கடைசி நொடிகளில் அது ஓடாமல் நின்றது. பார்சிலோனா முறையிட்டது, சர்வதேசக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபா தள்ளுபடி பண்ணியது.

பச்சை இலை:
தள்ளுபடி! நீங்களே சொல்லிட்டீங்க. அப்புறம் கடிகாரம் நின்றால் லாபம் யாருக்கு? ஒரு பாயின்ட் பின்னாடி இருந்து பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனுக்கு. மொந்தேரோவுக்குக் கூடுதல் நேரம் கிடைச்சதுக்கு எங்களுக்குத்தான் நன்றி சொல்லணும். மொந்தேரோவை 1987 என்பிஏ டிராஃப்டில் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கிற நிகழ்ச்சி) எடுத்ததே அட்லாண்டா ஹாக்ஸ், வில்கின்ஸோட அப்போதைய டீம். போய் ஆடவில்லை. ஆடியிருந்தால் உயரமான ஆள் பக்கத்தில் இருக்கும்போது எப்படி லே-அப் போடணும்னு தெரிஞ்சிருக்கும்.

பிரேயஸ் பையன்:
பனாதினைகோஸ்காரர் பெருமை பேசுகிற இடத்துக்கு நான் வராமல் இருந்தால் எப்படி? 94 டெல் அவிவ், 95 சரகோசா, இரண்டு வருஷமும் அரையிறுதியில் எங்க ஒலிம்பியாகோஸிடம் உதை வாங்கினீங்க. 96இல் நாங்க பாரிஸுக்கு வரலை, உங்களுக்கு வழி கிடைச்சது. அடுத்த வருஷம் ரோமில் இதே பார்சிலோனாவை 73–58. பிளாக்கும் தேவைப்படலை, கடிகாரமும் தேவைப்படலை.

பச்சை இலை:
வந்துட்டாரு. 94, 95 இரண்டு ஃபைனலும் தோற்றது யார் சார்? அரையிறுதியில் எங்களை ஜெயிச்சு என்ன கிழிச்சீங்க? ஐரோப்பாவின் பெரிய கோப்பையைக் கிரேக்கத்துக்கு முதன்முதலில் கொண்டுவந்தது நாங்கள். நீங்க இரண்டாவது. காலத்துக்கும் இரண்டாவதுதான். போன மாசம் கோச் இவானோவிச் பற்றிப் பேசும்போது என் பதிவை மட்டும் புகார் பண்ணித் தூக்க வெச்சது நீங்கதான்னு எனக்குத் தெரியும்.

பிரேயஸ் பையன்:
கெட்ட வார்த்தை எழுதினால் தூக்கத்தான் செய்வாங்க.

பெஞ்ச் பிளேயர்:
ரவி அண்ணே மெஸ்ஸி போன பிறகுதான் பார்சிலோனாவுக்குக் கூடைப்பந்து டீமும் இருக்குன்னு கண்டுபிடிச்சார், அவரை விட்டுடுங்கப்பா 😄

ராம்ப்ளாஸ் ரவி:
தம்பி, எங்க பழைய ஸ்டார் எபியும் சான் எபிஃபானியோவும் ஒரே ஆள்னு உனக்குத் தெரியுமா? போய் அதைத் தேடு. அதே வாரம் அரையிறுதியில் ரியல் மாட்ரிட்டை, அதுவும் நடப்புச் சாம்பியனை, 76–66 என்று வீட்டுக்கு அனுப்பினோம். ஃபைனலில் எங்க கர்னிஷோவாஸ் ஆடின ஆட்டத்தைப் பார்த்தவன் மெஸ்ஸி கதையெல்லாம் பேச மாட்டான். பச்சை இலை இன்னும் பதில் சொல்லவில்லை. போர்டில் பட்டதா?

பச்சை இலை:
பதில் வேணுமா? 96இல் எங்க கோச் மல்கோவிச். 1991இல் இதே பெர்சி அரங்கில் உங்க பார்சிலோனா பெஞ்சில் கோச்சாக உட்கார்ந்து ஃபைனலில் ஸ்ப்ளிட் கிளப்பிடம் தோற்றார். முன்னாடி அவரே இரண்டு முறை ஜெயித்துக் கொடுத்த அதே ஸ்ப்ளிட். அவரை வைத்துக்கொள்ளத் தெரியலை. பிரெஞ்சு கிளப் லிமோஜ் போய் 93இல் ஜெயிச்சார், எங்களிடம் வந்து 96இல் ஜெயிச்சார். அவரை அணியில் வெச்சிருந்தும் கோட்டை விட்ட கிளப்புக்கு ஒரு பிளாக்கைப் பிடித்துக்கொண்டு தொங்குவதைத் தவிர என்ன இருக்கு? 84, 90, 91, 96, 97. ஐந்து ஃபைனல் தோற்றீங்க. ஐந்திலும் விரான்கோவிச்சா வந்து தட்டினார்?

விசில்:
வீடியோவை நிறுத்திப் பார்த்தால் பந்து போர்டைத் தொட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் கை படுகிறது. எனக்குத் தெரிந்து அது பாஸ்கெட். ஆனால் முடிவை மாற்றுகிற அதிகாரம் என்பது தனி விஷயம், அதையும் இதையும் போட்டுக் குழப்ப...

ராம்ப்ளாஸ் ரவி:
கேட்டுக்கோங்க! 68–67!

பச்சை இலை:
விசில் சார் எந்த ஊர் நடுவர்? அந்த வீடியோவில் புள்ளி புள்ளியாத் தெரியுது. அதில் போர்டைக் கண்டுபிடிச்சதே பெரிய சாதனை. மறுபடியும் சொல்றேன், விசில் ஊதலை. உங்க பேரில் இருக்கிற விசிலும் அன்னிக்கு ஊதலை.

விசில்:
தனிப்பட்ட முறையில் பேசுவதென்றால் நான் கிளம்புகிறேன்.

பெஞ்ச் பிளேயர்:
போன முறையும் இதையே சொன்னீங்க சார்.

ராம்ப்ளாஸ் ரவி:
எங்களுக்கு 2003 போதும். சொந்த ஊரில், பலாவ் சான் ஜோர்டியில், பெனட்டன் ட்ரெவிசோவை வீழ்த்தி. சுத்தமான கப்.

பச்சை இலை:
2003இல் ஃபைனல் ஃபோர் (அரையிறுதி, ஃபைனல் நடக்கிற கடைசிக் கட்டம்) எம்விபி, அதாவது சிறந்த வீரர், யார்? போதிரோகா. அதற்கு முந்தின வருஷம் வரை எந்த ஜெர்சி? பச்சை. எங்களோடு 2000இலும் 2002இலும் ஜெயித்துவிட்டு வந்தவர். எங்க ஆளை வாங்கித்தான் உங்க முதல் கப். அதுக்கும் நன்றி வேண்டாம், விடுங்க.

ராம்ப்ளாஸ் ரவி:
அப்போ வில்கின்ஸ் ஏதென்ஸில் பிறந்தவரா? காசு கொடுத்து அட்லாண்டா ஆளைக் கூட்டி வந்துவிட்டு பேச்சைப் பாரு.

பிரேயஸ் பையன்:
ஒரே வருஷத்தில் ஓடியும் போனார். மறு சீசன் என்பிஏவில் சான் அந்தோனியோ.

பச்சை இலை:
போகும்போது ஃபைனல் ஃபோர் எம்விபி கோப்பையோடு போனார். உங்க ஊரிலிருந்து போனவர்கள் எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று சொல்லட்டுமா? அடுத்த பதிவில் வரிசையாக எழுதுகிறேன், ஓடிவிடாதீங்க.

ராம்ப்ளாஸ் ரவி:
எழுதுங்க, எழுதுங்க. முதல் வரியில் போர்டில் பட்டதா இல்லையான்னு எழுதிட்டு மத்ததை எழுதுங்க.