பரண் இறக்குற சனி, ஞாயிறு: கண்ணை விட்டுப் போகாத ஒரு காட்சி சொல்லுங்க (தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம்)

ஊத்தங்கரைக்காரி

பழைய பாடப்புத்தகம், அட்டைப்பெட்டியோட பரண்ல. தூக்கினா மேல்பாதி மட்டும் கையோட வருது, அடிப்பாதி கல்லுலயே ஒட்டி நிக்குது. மேல அட்டை புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு, உள்ள தாளே இல்ல, எல்லாம் செம்மண். காதை வச்சா அப்பளம் நொறுங்குற சத்தம்.

கரையான்தான், நம்ம பக்கம் யாருக்கும் விளக்க வேண்டியதில்ல. ஆனா அது வந்த வழி பரண்ல இல்ல, கீழ் அறையில கதவு நிலைக்குப் பின்னாடி. சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு மண் கோடு நேரா மேல ஏறியிருந்தது. கோட்டை முழுசா சுரண்டிடாதீங்க. நடுவுல ரெண்டு அங்குலம் மட்டும் உடைச்சுட்டு பக்கத்துல பென்சில்ல தேதி எழுதுங்க. ஒரு வாரத்துக்குள்ள அடைச்சிருந்தா உயிரோட இருக்கு. இனிமே பெட்டியைச் சுவத்துல ஒட்டாம நாலு விரல் தள்ளி வைங்க. அடியில ரீப்பர் கட்டை வேணாம், அதையும் தின்னும். ரெண்டு செங்கல் போதும்.

அரூர் ஆறுமுகம் கடை எதிர்

இதுக்கு இவ்வளவு பேச்சா? மண்ணெண்ணெய் ஊத்துனா தீர்ந்துச்சு.

ஓசூர் தச்சு

ஊத்துன இடத்துல இருக்கிறது மட்டும் சாகும் அண்ணா. புத்து மண்ணுக்குள்ள இருக்கு, ராணியும் அங்கதான். அடுத்த மாசம் வேற வழியில கோடு வரும். தரையும் சுவரும் சேர்ற மூலையில அடிக்கு ஒரு துளை போட்டு, உள்ள மருந்து இறக்கி, சிமெண்ட்டால அடைக்கணும். அது தெரிஞ்ச ஆளை வச்சுச் செய்ற வேலை. பரண்ல மண்ணெண்ணெய், கீழ அடுப்பு, இது வேற.

என் பங்குக்கு ஒரு ஷெல்ஃப். சிப்காட் பக்கம் பழைய மரக்கடையில கிடைக்கிற பேலட் (சரக்கு அடுக்குற மரத்தட்டு) பலகை, பைன் மரம். பார்க்க அழகா வந்துச்சு. மூணாம் நாள் புத்தகத்தோட கீழ கிடக்கு. ஆணி, ஆணியைப் பிடிக்கச் சுவத்துத் துளையில வைக்கிற பிளக், அதைச் சுத்தி உள்ளங்கை அளவு பூச்சு, எல்லாம் ஒண்ணா பேத்துக்கிட்டு வந்திருக்கு. குத்தம் பலகையில இல்ல. உள்பூச்சே அரை அங்குலம் இருக்கும். ஒரு அங்குல பிளக்கைப் போட்டா பாதி பூச்சுல நிக்குது, மீதி பாதிதான் கல்லுல.

டிரில் போடும்போது கீழ ஒரு காகிதத்தை மடிச்சு ஒட்டி, விழுற தூளைப் பாருங்க. முதல்ல சாம்பல் நிறம், அது பூச்சு. அப்புறம் சிவப்பு வந்தா செங்கல். சிவப்பு வந்த இடத்துல இருந்து இன்னும் ஒன்றரை அங்குலம் உள்ள போகணும். சாம்பலாவே வந்து திடீர்னு டிரில் உள்ள விழுந்தா அது ஹாலோ பிளாக், நடுவுல காலியா இருக்கிற சிமெண்ட் கல். அங்க சாதா பிளக் சும்மா சுத்தும். உள்ள போய் விரியற வகை கேட்டு வாங்குங்க. சுத்தியல் மோடையும் அணைச்சிடுங்க, இல்லன்னா பிளாக்கோட ஓடு உள்பக்கம் உடைஞ்சிடும். 6 எம்எம் பிளக்குக்கு 6 எம்எம் பிட்தான். கை ஆடிச்சுன்னா துளை பெருசாகும், பிளக் பிடிக்காது. எல் ஆங்கிளோட நீளக் கால் சுவத்துல, குட்டைக் கால் பலகைக்கு அடியில. பாதிப் பேர் தலைகீழா மாட்டுறாங்க. ஒரு அடி நீளத்துக்கு அடுக்கின புத்தகமே பத்து கிலோவைத் தொடும். முக்கால் அங்குலப் பலகைக்கு ரெண்டடிக்கு ஒரு ஆங்கிள் வேணும். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் துளையே போடாதீங்க, ஒயர் அந்த வழியாத்தான் வரும்.

பேலட்ல முத்திரையையும் பாருங்க. எச்டி (HT)ன்னு இருந்தா சூடுபடுத்திப் பூச்சி கொன்ன மரம், எடுக்கலாம். எம்பி (MB)ன்னு இருந்தா மீத்தைல் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள்ள வேணாம். ஆணியைப் பிடுங்காதீங்க, பலகை பிளந்துடும். ரெண்டு பலகைக்கு நடுவுல ஆக்ஸா பிளேடு விட்டு ஆணியை அறுத்துடுங்க.

பாலக்கோடு புளியமரம்

எங்க ஏரியாவுல ஒகேனக்கல் தண்ணி குடிக்க மட்டும்தான், பாத்திரம் கழுவ போர் தண்ணி. சமையல் மேடையில வெள்ளையா உப்பு படியும். இங்க எல்லாரும் சொல்ற வைத்தியம் எலுமிச்சை. மேடை கடப்பா கல். தேய்ச்சுட்டு அரைமூடியைக் கவுத்து வச்சாச்சு. காலையில எடுத்தா அந்த வட்டம் அப்படியே சாம்பலா நிக்குது. துடைச்சாப் போகல, எண்ணெய் தடவினா மறையுது, காய்ஞ்சா திரும்பி வருது.

கடப்பா கல் சுண்ணாம்புக் கல்லுங்க. மேல படிஞ்ச உப்புலயும் பெரும்பகுதி சுண்ணாம்புதான். புளிப்புக்கு இது கறை, இது கல்லுன்னு பேதம் தெரியாது, ரெண்டையும் சேர்த்துத் தின்னும். எலுமிச்சை, புளி, வினிகர், பாத்ரூம் ஆசிட் எல்லாமே அதே கதைதான். நம்ம ஊர் கிரானைட்டுக்கு எலுமிச்சை ஒண்ணும் பண்ணாது. எந்தக் கல்லுன்னு சந்தேகமா இருந்தா அடுப்புக்குப் பின்னாடி மறைவுல ஒரு சொட்டு விட்டுப் பாருங்க. பத்து நிமிஷத்துல பளபளப்பு போனா கடப்பா. வட்டம் விழுந்துட்டா தண்ணி விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள் 400, அப்புறம் 800, கடைசியா 1200, அதுக்கு மேல மெழுகு. அந்த வட்டத்தை மட்டும் தேய்ச்சா அது தனியாத் தெரியும், ஒரு முழம் சுத்தித் தேய்க்கணும்.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

பரண்ல இருந்து இறங்குற பேப்பரை எடைக்குப் போடாதீங்க, கூழ்க் கூடை பண்ணுங்க. பாட்டி காலத்து வேலைதான். ஆனா சட்டியில அச்சுப் போட்ட கூடை, வெயில்ல பட்டுன்னு ஒரு சத்தம், வாயில இருந்து அடி வரைக்கும் ஒரே கோடா விரிசல். அதை எத்தனை வீட்டுல பார்த்தாச்சு! காரணம் ஒண்ணுதான். கூழ் காயும்போது சுருங்கும், உள்ள இருக்கிற சட்டி சுருங்காது.

ஒரு கிலோ பேப்பர், கைவிரல் அளவுத் துண்டு. மூணு நாள் ஊறணும், தினம் தண்ணி மாத்தணும், இல்லன்னா நாறும். வழவழப்பான வாரப் பத்திரிகைத் தாள் சேர்க்காதீங்க, கூழாகாம செதில் செதிலா நிக்கும். நூறு கிராம் வெந்தயம் ராத்திரி ஊறப்போட்டு நைசா அரைக்கணும். பேப்பரை நல்லாப் பிழிஞ்சு, வெந்தயத்தோட சேர்த்து உரல்ல இடிங்க, ஆட்டுரலும் சரி. பிடிச்சு உருட்டினா விரிசல் இல்லாம உருண்டை நிக்கணும், அதுதான் பதம். சட்டியைக் கவுத்து, ஈரத்துணி போர்த்தி, அரை விரல் கனத்துக்குத் தட்டுங்க. முதல் நாள் நிழல்ல. ரெண்டாம் நாள் தொட்டா ஈரமா, தூக்கினா வளையாம இருக்கும்போதே சட்டியை உருவிடுங்க, துணி இருந்தா வழுக்கிக்கிட்டு வரும். அப்புறம் வெயில் மூணு நாள். ஐப்பசியில ஆரம்பிக்காதீங்க, பூசணம் பிடிக்கும். மாசியில இருந்து வைகாசி வரைக்கும் தோது. ராகி மாவே கொட்டி வைக்கலாம்.

ஊத்தங்கரைக்காரி

கூடை சரி அக்கா, ராகி மாவு வேணாம். அச்சு மை ஆகாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2016லயும் 2023லயும் எச்சரிச்சிருக்கு, செய்தித்தாள்ல பலகாரம் மடிச்சே தரக் கூடாதுன்னு.

காவேரிப்பட்டணம் மாந்தோப்பு

காலங்காலமா முறத்துக்கும் கூடைக்கும் இதைத்தான மெழுகுறோம், யாருக்கு என்ன ஆச்சு?

ஊத்தங்கரைக்காரி

காலங்காலமா மெழுகினது எந்தத் தாள்ல? நாலு கலர் அச்சு இப்ப வந்ததுதான? அச்சில்லாத காக்கிப் பேப்பர்ல பண்ணுங்க, மாவு கொட்டலாம், நானே வாங்கிக்கிறேன். இல்ல பூண்டு, வெங்காயம் போடுங்க, தோலோட இருக்கு. ராகி முழுசா இருந்தா எதுலயும் வருஷக்கணக்கா நிக்கும், அரைச்சாத்தான் கெடும். மாவை மாசத்துக்கு வேண்டியதா அரைச்சு எவர்சில்வர் தூக்குல வைங்க.

போச்சம்பள்ளி சந்தை

யாரும் கேக்கல, ஆனாலும் சொல்றேன், பரண்னு வந்தா டிரங்குப் பெட்டி வரும். பட்டுப்புடவை நடுவுல பாச்சா உருண்டை, பக்கத்துலயே சூடக்கட்டி. திறந்தா உருண்டை இல்ல, எண்ணெய் மாதிரி ஒரு ஈரம், முந்தியில கறை. பாச்சா உருண்டையும் சூடமும் தொட்டுக்கிட்டா ரெண்டும் இளகிடும். ஏதாவது ஒண்ணுதான் போடணும்.

உருண்டையைத் துணிக்கு அடியில போடாதீங்க. அதோட ஆவி காத்தை விடக் கனம், கீழதான் இறங்கும். சின்னத் துணிப் பையில முடிஞ்சு எல்லாத்துக்கும் மேல வைங்க. ஜரிகையில படக் கூடாது. பட்டை பிளாஸ்டிக் உறையில போடாம, துவைச்ச மல் துணியில சுத்துங்க. மூணு மாசத்துக்கு ஒரு தரம் மடிப்பை மாத்துங்க, அதே மடிப்புல கிடந்தா ஜரிகை ஒடியும். கைக்குழந்தைத் துணிக்கு மட்டும் உருண்டையே வேணாம். ஜி6பிடி (ரத்த சிவப்பணுவைக் காக்கிற ஒரு என்சைம்) குறைபாடு உள்ள குழந்தைக்கு அந்த வாசனையாலயே ரத்த அணு உடைஞ்சு மஞ்சக்காமாலை வரலாம், குறைபாடு இருக்கிறது முன்னாடியே தெரியாது. வேப்பிலை போடுறவங்க சருகா நொறுங்குற வரைக்கும் நிழல்ல காய வைங்க. பாதி காய்ஞ்சது வெள்ளைத் துணியில பச்சையா இறங்கும். பெட்டிக்குள்ள துரு இருந்தா உப்புத்தாள், ரெட் ஆக்சைடு ஒரு கோட், ஒரு நாள் கழிச்சு எனாமல், வாசனை முழுசாப் போக ஒரு வாரம் திறந்து போட்டுட்டு அப்புறம் துணி.

அரூர் ஆறுமுகம் கடை எதிர்

ஒயர் கூடை ஒண்ணு, பின்னல் முடிய நாலு வரிசை இருக்கும்போது ஒயர் தீர்ந்து போச்சு. கடைக்குப் போனா அதே பச்சை இல்ல. இப்ப மேல மட்டும் வேற பச்சை, ஊரே கேக்குது. முதல்ல நாலு முடிச்சு போட்டுப் பார்த்து, அவுத்து, ஒரு முடிச்சு எத்தனை அங்குலம் தின்னுதுன்னு அளந்துட்டு வெட்டணும். முழத்துக்கு முழம் கணக்கு வேலைக்கு ஆகாது, இறுக்கிப் போடுற கை வேற, தளர்த்திப் போடுற கை வேற.

தச்சு தம்பி, மண்ணெண்ணெய் ஊத்தலப்பா. ரெண்டு அங்குலம் உடைச்சு வச்சிருக்கேன். இன்னிக்கு மூணாம் நாள், முக்கால்வாசி அடைச்சிருச்சு.