மூசானின் 'எரிபஸ்' ஓவியம்: வரைந்த ஆண்டு தெரிந்தவர்கள் உதவவும்

வணக்கம் நண்பர்களே. பெல்ஜிய கடல் ஓவியர் பிரான்சுவா மூசான் (1820–1888) வரைந்த, பனியில் சிக்கிய 'எரிபஸ்' கப்பல் ஓவியத்தைப் பற்றி ஒரு சந்தேகம். ஓவியம் லண்டன் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதன் தலைப்பிலேயே 1846 என்ற ஆண்டு வருகிறது. எனக்கு இடிப்பது அதுதான். ஆர்க்டிக் வழியாகப் பசிபிக்குக்குக் கடல்வழி தேடி, பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஜான் பிராங்க்ளின் தலைமையில் 'எரிபஸ்', 'டெரர்' என்ற இரண்டு கப்பல்களும் 1845 மே மாதம் கிளம்பின. 1846 செப்டம்பர் 12 முதல் கனடாவின் ஆர்க்டிக் பகுதியில் உள்ள கிங் வில்லியம் தீவருகே பனி அவற்றைப் பிடித்துக்கொண்டது. ஆனால் இந்தத் தேதி ஐரோப்பாவுக்குத் தெரிந்தது, 1859இல் காணாமல் போனவர்களைத் தேடிச் சென்ற மெக்ளின்டாக்கின் குழு கற்குவியலில் ஒரு குறிப்பைக் கண்டெடுத்த பிறகுதான். மாலுமிகள் 1848 ஏப்ரலில் கப்பல்களைக் கைவிட்டதும், பிராங்க்ளின் அதற்கு முந்தைய ஜூனிலேயே இறந்துவிட்டதும் அதே தாளில்தான் இருந்தது.

அப்படியானால் மூசான் 1859க்குப் பிறகு வரைந்தாரா? இல்லை, முன்பே கற்பனையாக வரைந்து, தலைப்பு மட்டும் பிற்பாடு ஒட்டிக்கொண்டதா? முதலாவதுதான் என்று நினைக்கிறேன். இணையத்தில் ஓவியங்களுக்குப் போடும் ஆண்டை அப்படியே நம்ப எனக்கு மனம் வருவதில்லை.

கிரீனிச் பக்கம் இருப்பவர்கள் யாராவது, ஓவியம் இப்போது காட்சியில் இருந்தால், கையொப்பத்தின் அருகே ஆண்டு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல முடியுமா? விளக்கப் பலகையை ஒரு போட்டோ எடுத்துப் போட்டால் இன்னும் நல்லது. அப்புறம், மூசான் பற்றி பிரெஞ்சிலோ டச்சிலோ படித்தவர்கள் இருந்தாலும் சொல்லுங்கள்.