பாசி எடுக்கும் பெண்கள் ‘மீனவர்’ இல்லையா?

பாம்பன் பொண்ணு:
போன வாரம் அம்மாவுக்காக ஒரு அலுவலகத்துல விண்ணப்பம் குடுத்தேன். தொழில்ங்கற இடத்துல ‘மீனவர்’னு எழுதியிருந்தேன். வாங்கினவர் அதை அடிச்சிட்டு ‘இல்லத்தரசி’ன்னு போட்டார். 30 வருசமா கடல்ல மரிக்கொழுந்துங்கற கடல்பாசிக்கு முங்குறவங்க எங்கம்மா. விரல் பத்துலயும் துணி சுத்தி, சேலைக்கு மேல அப்பா சட்டையை மாட்டி, பாதத்துல தகட்டைக் கட்டிக்கிட்டு இறங்குவாங்க. சாயங்காலம் துணியை அவுத்தா விரல் நுனியெல்லாம் வெளுத்து, பாறை கிழிச்ச கோடா இருக்கும். ‘மீனவர்’ பலர்பால்தானே, பெண்ணும் அதுல சேர்த்திதானே?

தொண்டிக்காரன்:
தங்கச்சி, அவர் செஞ்சது தப்பு. ஆனா குத்தம் தமிழ் மேல இல்ல. வெள்ளைக்காரன் 1897ல போட்ட பொது உட்பிரிவுகள் சட்டம் 13ஆவது பிரிவைப் பாருங்க: ஆண்பால்ல எழுதினா பெண்ணும் அதுக்குள்ள அடக்கம். லண்டன்ல 1850லயே இருந்த ஏற்பாடு அது. ‘ஃபிஷர்மேன்’னு எழுதின கோப்பைத் தமிழாக்கினப்போ அந்த ஆம்பளையும் கூடவே வந்துட்டான். நம்ம இலக்கணத்துல நெய்தலுக்குப் பரதர், பரத்தியர், நுளையர், நுளைச்சியர்னு சோடியாத்தான் பேர். அதை மீட்டாலே போதும்.

தங்கச்சிமடம் டீச்சர்:
தம்பி, அதெல்லாம் பிறப்பைச் சொல்ற பேரு, செய்ற வேலையை இல்ல. இன்னைக்கு ஒருத்தியை ‘நுளைச்சி’ன்னு கூப்பிட்டா சாதியைச் சொல்லி ஏசுற மாதிரிதான் காதுல விழும். படகும் வலையும் ஆம்பளை பேர்லயே இருக்கே, அதுக்கும் லண்டன்தான் காரணமா? ‘மீனவர் வந்தார்’னா எத்தனை பேருக்குப் பொம்பளை முகம் தோணுது? அதனாலதான் ‘மீனவப் பெண்’னு தனியா ஒண்ணு வச்சிருக்கோம். அதுக்கும் மீனவர் வீட்டுப் பொண்ணுன்னுதான் அர்த்தம் எடுக்கிறாங்க.

தொண்டிக்காரன்:
அக்கா, சாதிப் பேர்னு நீங்க சொன்னதை ஒத்துக்கிறேன். ஆனா சொல்லை மாத்தினா, பாசி எடுக்கத் தீவுப் பக்கம் விட்டுருவாங்களா? 1986ல மன்னார் வளைகுடாவுல 21 தீவையும் சேர்த்து தேசியப் பூங்காவா அறிவிச்சாங்களே, அடி அங்கதான் விழுந்துச்சு. சண்டையை அங்க போடுங்க.

பாம்பன் பொண்ணு:
ரெண்டும் ஒரே சண்டைதாண்ணே. பூங்காவால யார் பிழைப்பு போச்சுன்னு கணக்கெடுக்க வந்தா, இல்லத்தரசிக்கு என்ன பிழைப்பு போச்சுன்னு எழுதுவாங்க? சின்னப்பாலம் லட்சுமி மூர்த்தி அக்காவுக்குப் பாசி எடுக்கிற பெண்களோட உரிமைக்காக 2015ல அமெரிக்காவுலருந்து, தீவுகளைக் காப்பாத்துற சீகாலஜிங்கற அமைப்போட விருது வந்துச்சு. அமெரிக்காவுக்குத் தெரிஞ்ச தொழில் நம்ம ஊர் விண்ணப்பத்துல ஏற மாட்டேங்குது.

தங்கச்சிமடம் டீச்சர்:
‘கடல்பாசித் தொழிலாளி’ன்னு எழுதும்மா. தொழிலாளிங்கறது ரெண்டு பேருக்கும் ஒரே சொல்லு. ‘அன்’னும் இல்ல, ‘அள்’ளும் இல்ல.

பாம்பன் பொண்ணு:
அதை அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன் டீச்சர். “அப்படிப் போட்டா மீனவர் நலவாரியத்துல, நீ மீனவர் இல்லைன்னு சொல்லிருவாங்களே”ன்னாங்க. அதுக்கு எனக்குப் பதில் தெரியல. திங்கக்கிழமை மறுபடி ‘மீனவர்’னே எழுதிக் குடுக்கப் போறோம். இந்தத் தடவை அம்மாவும் வர்றாங்க.