அடுத்த வருஷத்துக்கு என்ன திட்டம்? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மூன்றாம் மாடி:

மென்பொருள் சோதனைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எங்கள் அப்ரைசல் (வருடாந்தர வேலை மதிப்பீடு) படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ‘அடுத்த ஆண்டுக்கான வளர்ச்சித் திட்டம்’ என்று ஒரு கட்டம் இருக்கும். ஆட்டோமேஷன் (சோதனைகளைத் தானே ஓடும்படி செய்வது) கற்றுக்கொள்வேன், தகவல் தொடர்புத் திறனை வளர்த்துக்கொள்வேன் என்று குழுவில் எல்லாரும் ஒரே மாதிரி எழுதுவோம். மேலாளர் படித்துவிட்டு ‘நல்லது’ என்பார். அடுத்த வருஷம் அதையே இன்னொருவர் எழுதுவார்.

இலக்கு தெளிவாக இருக்க வேண்டும், அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும், கெடு இருக்க வேண்டும் என்கிற ‘ஸ்மார்ட்’ சூத்திரமெல்லாம் தெரியும். 1981-இல் ஜார்ஜ் டோரன் என்ற மேலாண்மை ஆலோசகர் எழுதியதை இன்னும் பயிற்சி வகுப்புகளில் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். உங்களில் யாராவது ஒரு வருஷத்துக்குத் திட்டம் போட்டு அது நடந்திருந்தால், எதனால் நடந்தது? யாரிடம் பேசினீர்கள், அவர் என்ன சொன்னார்? நடக்காமல் போன கதையும் வரலாம்.

கோப்புக்கட்டு:

மனிதவளத் துறையில் இருப்பதால் மேசைக்கு அந்தப் பக்கம் நடப்பதைச் சொல்கிறேன். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். நான் வேலை பார்த்த இடங்களில் வரிசை இப்படித்தான் இருந்தது.

உங்களோடு அப்ரைசல் பேச்சு நடக்கும்போது பதவி உயர்வுப் பட்டியல் பெரும்பாலும் முடிந்திருக்கும். முதலில் பட்ஜெட் வரும். அதிலேயே உயர்வுகளுக்கு இவ்வளவு என்று ஒரு தொகை ஒதுங்கிவிடும். பிறகு மேலாளர்கள் எல்லாரும் ஓர் அறையில் உட்கார்ந்து அவரவர் ஆட்களை ஒப்பிடுவார்கள். இதற்குக் கேலிபரேஷன் என்று பெயர். உங்கள் பெயர் வரும்போது உங்கள் மேலாளருக்குப் பேசக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிஷம். மற்ற மேலாளர்கள் நீங்கள் உழைப்பாளியா என்று கேட்பதே இல்லை, அங்கே வரும் எல்லாருமே உழைப்பாளிகள்தான். ‘அடுத்த நிலை வேலையை இவர் ஏற்கெனவே செய்கிறாரா? எதில் பார்த்தீர்கள்?’ என்றுதான் கேட்பார்கள். இதற்குப் பதில் இல்லாத மேலாளர், ‘ரொம்ப நல்ல பிள்ளை, சின்சியர்’ என்று முடித்துக்கொள்வார். அந்தப் பெயர் அப்படியே கீழே போய்விடும்.

ஒரே பிரிவில் இருவர் இருந்தார்கள். வேலையில் இவர் உசத்தி, அவர் மட்டம் என்று சொல்ல முடியாது. அவர்களில் ஒரு பெண் வருஷத் தொடக்கத்திலேயே மேலாளரிடம் கேட்டாராம்: “இந்த வருஷம் எனக்காக நீங்கள் அந்தக் கூட்டத்தில் பேசுவதாக இருந்தால், என்னைப் பற்றி என்ன சொல்ல முடிந்தால் எடுபடும் சார்?” மேலாளரிடம் உடனே பதில் இல்லை. இதை அவரே என்னிடம் சொன்னார். சில நாள் யோசித்துவிட்டு, “வேறு பிரிவோடு சேர்ந்து ஒரு வேலையை நீங்களே முன்னின்று முடித்ததாகச் சொல்ல வேண்டும். இதுவரை உங்கள் பேரில் அப்படி ஒன்று இல்லை” என்றிருக்கிறார். அந்தப் பெண்ணின் வருஷத் திட்டமே அந்த ஒரு வாக்கியம்தான். அப்படி ஒரு வேலை கண்ணில் பட்டதும் கையைத் தூக்கினார்.

இன்னொருவர் அப்ரைசல் மாதத்தில் ஒரு நீளமான பட்டியலோடு வந்தார். படித்த கோர்ஸ்கள், வாங்கிய சான்றிதழ்கள், இரவு தங்கி முடித்த வேலைகள் எல்லாம் இருந்தன. எதுவும் பொய் இல்லை. மேலாளருக்கும் அவர் மேல் நல்ல அபிப்பிராயம்தான். ஆனால் அது ரயில் கிளம்பிய பிறகு டிக்கெட் கவுன்ட்டரில் நிற்பது மாதிரி ஆகிவிட்டது. அவரைச் சமாதானப்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்தது. அன்றைக்கு நான் சொன்ன எதுவும் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்காது.

அப்புறம் இன்னொன்று. மேலாளருக்குக் கடைசி இரண்டு மாதம்தான் நினைவில் நிற்கும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, மனித மூளை அப்படி. மாதம் ஒரு முறை மூன்றே வரி எழுதி வையுங்கள்: என்ன சிக்கல் வந்தது, நான் என்ன செய்தேன், அதனால் என்ன மாறியது. அந்த மூன்றாவது வரியைத்தான் யாரும் எழுதுவதில்லை. ஒரு மேலாளர் அந்த அறையில் போனைத் திறந்து, தன் குழுவில் ஒருவர் அனுப்பியிருந்த அந்த வரிகளை அப்படியே வாசித்ததைப் பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் மறு பேச்சுப் பேசவில்லை.

இந்த வருடாந்தர முறையே பழசாகிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். அடோபி நிறுவனம் 2012-இல் வருடாந்தர அப்ரைசலைக் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2013-இல் ஆட்களை வரிசைப்படுத்தி ரேட்டிங் போடுவதை நிறுத்தியது. இருக்கலாம். எந்த முறை வந்தாலும் நீங்கள் இல்லாத இடத்தில் உங்கள் பெயரை ஒருவர் எடுக்க வேண்டியிருக்கிறது.

மூன்றாம் மாடி:

இது எனக்குப் புதிய தகவல், நன்றி. ஒரு சந்தேகம். எங்கள் இடத்தில் மேலாளரே அடிக்கடி மாறுவார். ஒருவரிடம் கேட்டுப் பதில் வாங்கி, அவர் வேறு பிரிவுக்குப் போய்விட்டால்?

கோப்புக்கட்டு:

பேசிய அன்றே ‘இன்று நாம் பேசியது இது’ என்று நாலு வரி மெயில் போட்டுவிடுங்கள். புதியவர் வந்த முதல் மாதத்தில் அதை அவருக்கு அனுப்பி, ‘இதில் உங்கள் கருத்து என்ன?’ என்று கேளுங்கள். முந்தையவர் கொடுத்த வாக்கு என்று சொல்லி நெருக்க வேண்டாம், புதியவர்களுக்கு அது பிடிக்காது. மேலாளருக்கு மேலே இருப்பவரும் உங்கள் வேலையை ஒரு முறையாவது நேரில் பார்த்திருக்க வேண்டும். ஒரு டெமோ போதும்.

கணக்குப்பிள்ளை:

கோப்புக்கட்டு சொன்னதைப் படித்ததும் எனக்கு நடந்ததைச் சொல்லத் தோன்றியது. நான் கணக்குப் பிரிவு. புதிதாக எதைச் சேர்க்கலாம் என்று யோசிப்பதற்கு முன்னால், ஒரு தாளில் என் மாதத்தை எழுதினேன். கூட்டக் குறிப்பு எழுதுவது, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பது, பிறந்தநாள் ஏற்பாடு, யாரோ பாதியில் விட்ட சப்ளையர் கணக்கைச் சரிபார்ப்பது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில், ‘அந்த அறையில் இதைச் சொன்னால் யாராவது தலையாட்டுவார்களா?’ என்று கேட்டுக்கொண்டேன். (அந்த அறை இருப்பதே அப்போது எனக்குத் தெரியாது, ஆனால் கேள்வி கிட்டத்தட்ட இதேதான்.) பாதிக்கு மேல் ‘இல்லை’.

அந்தத் தாளோடு மேலதிகாரியிடம் போனேன். கூட்டக் குறிப்பைச் சுழற்சி முறையில் எல்லாரும் எழுதலாமே என்றேன். “நீங்கள் எழுதினால்தான் மேடம் ஒழுங்காக வருகிறது” என்றார். பாராட்டுதான். பாராட்டால் கட்டிப்போடுவது இப்படித்தான். “சரி சார், மற்றவர்களுக்கும் ஒழுங்காக வரட்டும், ஒரு மாதிரிப் படிவம் போட்டுத் தருகிறேன். அந்த நேரத்தில் மாதக் கணக்கு முடிப்பில் கிளைகளின் கணக்குகளை ஒன்றுசேர்க்கும் வேலையை நான் பார்க்கிறேனே” என்றேன். வெறுமனே முடியாது என்று சொல்லியிருந்தால் முறைத்திருப்பார். இதைக் கொடுங்கள், அதை எடுத்துக்கொள்ளுங்கள் என்றதும் யோசித்தார். ஒப்புக்கொண்டார். பிறந்தநாள் ஏற்பாடு மட்டும் இன்னும் என் தலையில்தான்!

இது என் ஒருத்தியின் கதை என்று நினைத்திருந்தேன். 2017-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் லிண்டா பேப்காக், லைஸ் வெஸ்டர்லுண்ட் முதலானோர் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டிருக்கிறார்கள். யாராவது ஒருவர் செய்தாக வேண்டும், ஆனால் செய்பவருக்கு லாபம் குறைவு என்கிற வேலைக்கு ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் பெண்கள்தான் கூடுதலாக முன்வந்தார்கள். பெண்கள் மட்டும், ஆண்கள் மட்டும் என்று குழு பிரித்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. அதாவது ‘பெண்களுக்கு இதெல்லாம் பிடிக்கும்’ என்பது வெறும் கட்டுக்கதை. அவர்கள் செய்துவிடுவார்கள் என்று எல்லாரும் எதிர்பார்ப்பதுதான் காரணம்.

இரவுப்பணி:

நான் செவிலியர். எங்கள் தொழிலில் நீங்கள் சொல்லும் அறையெல்லாம் கிடையாது. நான் இருக்கும் இடத்தில் சீனியாரிட்டி பட்டியல்தான். எனக்கு முன்னால் இருப்பவர்கள் நகர்ந்தால்தான் நான் நகர முடியும். அதனால் மேலே போவதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் பார்த்தேன். நோய்த்தொற்றுத் தடுப்புப் பிரிவில் எனக்கு ஆசை இருந்தது.

நைட் டியூட்டி முடிந்து வந்து உட்கார்ந்து படிப்பது நம்மால் ஆகாது, அதனால் படிப்பைத் திட்டத்திலேயே வைக்கவில்லை. டியூட்டி நேரத்துக்குள் என்ன செய்ய முடியும் என்று மட்டும் பார்த்தேன். அந்தப் பிரிவின் அக்காவிடம் போய், “உங்களுக்கு ஆள் போதாமல் தேங்கிக் கிடக்கும் வேலை எதுக்கா?” என்று கேட்டேன். உடனே சொல்லிவிட்டார்: கை சுத்தம் கண்காணிப்பு. உலக சுகாதார நிறுவனம் கை சுத்தம் செய்ய ஐந்து தருணங்களை வகுத்திருக்கிறது. நோயாளியைத் தொடும் முன், கிருமி புகக்கூடாத வேலைகளுக்கு முன், உடல் திரவங்கள் பட வாய்ப்பிருந்த பின், நோயாளியைத் தொட்ட பின், கடைசியாக அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்ட பின். பகலில் பார்ப்பதற்கு ஆள் இருந்தது. இரவில் என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இரவு முழுக்க அங்கேயே இருப்பது நான்தானே.

பார்த்துக் குறித்தேன். எங்கள் வார்டில் அதிகம் விடுபட்டது அந்த ஐந்தாவது. கட்டில் கம்பியையும் டிரிப் ஸ்டாண்டையும் தொட்டுவிட்டு அப்படியே அடுத்த கட்டிலுக்குப் போய்விடுகிறோம். யாருடைய பெயரையும் எழுதவில்லை, எந்தத் தருணம் விடுபட்டது என்று மட்டும்தான். பெயர் எழுதியிருந்தால் அடுத்த நாள் என்னோடு யாரும் பேசியிருக்க மாட்டார்கள். பிறகு சானிடைசர் பாட்டிலைக் கட்டிலின் கால்மாட்டிலேயே மாட்டச் சொன்னோம், நிலைமை கொஞ்சம் மாறியது. அடுத்த பயிற்சிக்கு ஆள் அனுப்பும்போது அந்த அக்கா என் பெயரைக் கொடுத்தார். சீனியாரிட்டியில் எனக்கு முன்னால் இருந்தவர்களுக்கு அதில் வருத்தம் இருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

லேத் பட்டறை:

எல்லாரும் மேலே போவதைப் பற்றியே பேசுகிறீர்கள். நான் சிஎன்சி இயந்திரத்துக்கு, அதாவது கணினிக் கட்டளைப்படி உலோகத்தை வெட்டிக் கடையும் இயந்திரத்துக்கு, புரோகிராம் எழுதுகிறவன். மூன்று அச்சு (மூன்று திசைகளில் நகரும்) இயந்திரத்திலிருந்து, சாய்த்தும் திருப்பியும் வெட்டும் ஐந்து அச்சுக்குப் போக வேண்டும் என்பதுதான் என் வருஷத் திட்டம். சூப்பர்வைசர் ஆகச் சொன்னார்கள், வேண்டாம் என்றேன். ஷிப்ட் அட்டவணை போடுவதும் லீவு கேட்பவரோடு மல்லுக்கட்டுவதும் எனக்கு ஒத்துவராது.

ஆனால் ஆள் மேய்க்காமலே சம்பளம் உயரும் வழி அங்கே இருக்கிறதா என்று நேராகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். “இங்கே இல்லை” என்று ஒரே வார்த்தையில் பதில் வந்தது. மழுப்பாமல் சொன்னதற்கு நன்றிதான். ஐந்து அச்சு வேலை செய்யும் வேறொரு இடத்துக்கு அந்த வருஷமே மாறிவிட்டேன். தொடக்கத்தில் சம்பளம் ஒன்றும் கூடவில்லை.

பழைய எண்:

லேத் பட்டறை அண்ணன் மாதிரி நானும் இடம் மாறியவன், ஆனால் வழி வேறு. விரும்பும் பதவிக்கு வந்திருந்த விளம்பரங்களை எடுத்து வைத்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வரும் தகுதிகளை அடிக்கோடிட்டேன். பிறகு பழைய அலுவலக ஆட்களை அழைத்தேன். வேலை இருக்கிறதா என்று கேட்டால் எல்லாரும் ‘ரெஸ்யூம் அனுப்புப்பா’ என்பார்கள், அதோடு சரி. நான் கேட்டது வேறு: “உங்கள் இடத்தில் எந்த வேலைக்கு ஆள் கிடைக்காமல் தவிக்கிறீர்கள்?” இந்தக் கேள்விக்கு மனுஷர்கள் அரை மணி நேரம் பேசுகிறார்கள். பழைய கணினி அமைப்பிலிருந்து புதியதற்குத் தரவை மாற்றத் தெரிந்தவர்கள் வேண்டும் என்று பலரும் சொன்னார்கள். விளம்பரங்களில் அது கடைசி வரியில் இருந்தது. என் திட்டத்தில் முதல் வரிக்கு வந்தது.

கடைசியில் வேலை கிடைத்தது, பல வருஷமாகப் பேசாமல் இருந்த ஒருவர் மூலம். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரை நினைவுக்கு வந்தது. தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம் அவர் விசாரித்தபோது, அடிக்கடி சந்திக்கும் ஆள் வழியாகக் கிடைத்தது என்றவர்கள் 17 சதவீதத்துக்கும் குறைவு. எப்போதாவது பார்க்கிறவர், அபூர்வமாகப் பார்க்கிறவர் வழியாகத்தான் மீதி எல்லாம். நெருங்கிய நண்பருக்குத் தெரிந்தது நமக்கும் தெரிந்திருக்கும், அதனால் புதுச் செய்தி தூரத்திலிருந்துதான் வருகிறது. கூப்பிடக் கூச்சமாக இருக்கும், என்ன செய்ய, கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும்.

மூன்றாம் மாடி:

எல்லாருக்கும் நன்றி. படிவத்தை நிரப்பும் முன்னால் மேலாளரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். முதலில் ‘யார் சொல்லிக் கொடுத்தது?’ என்று சிரித்தார். பிறகு, “உங்கள் சோதனை நன்றாக இருக்கிறது. ஆனால் ஒரு ரிலீஸ் (மென்பொருளின் புதுப் பதிப்பு) வெளியே போகலாமா, நிறுத்தலாமா என்று நீங்கள் சொல்லி நான் கேட்டதே இல்லை. பிழைப் பட்டியலைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறீர்கள்” என்றார். கேட்க நன்றாக இல்லை, ஆனால் உண்மை.

கட்டத்தில் இப்போது இப்படி எழுதியிருக்கிறேன்: ‘அடுத்த இரண்டு பெரிய ரிலீஸ்களுக்கு, போகலாமா வேண்டாமா என்ற பரிந்துரையைக் காரணங்களோடு ஒரு பக்கத்தில் எழுதி, முடிவெடுக்கும் கூட்டத்தில் நானே முன்வைப்பேன்.’ ஆட்டோமேஷனையும் விடவில்லை. அந்தப் பரிந்துரைக்கு எந்தச் சோதனைகளின் முடிவு சீக்கிரம் வேண்டுமோ, அவற்றை மட்டும் முதலில் ஆட்டோமேட் செய்கிறேன். மேலாளருக்கு நாலு வரி மெயிலும் போயாயிற்று.

கோப்புக்கட்டு:

நன்று. பட்ஜெட் எந்த மாதம் முடிவாகிறது என்று கேட்டீர்களா? உங்கள் இரண்டாவது ரிலீஸ் அதற்கு முன்னால் வர வேண்டுமே.

மூன்றாம் மாடி:

கேட்டேன். அவருக்கே தெரியவில்லையாம். விசாரித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.