நிலாவெளி விடுதியின் கழிவுநீர்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

குழு உறவுகளுக்கு வணக்கம். திருகோணமலை மாவட்டத்தின் நிலாவெளிக் கடற்கரையை அண்டிய எங்கள் சிறிய குடும்ப விடுதியை, அடுத்த சுற்றுலாப் பருவத்துக்கு முன்னர் சூழலுக்குப் பாதகமில்லாத முறையில் திருத்தியமைக்க விரும்புகிறோம்.

பிளாஸ்ரிக் போத்தல்களை நிறுத்திவிட்டோம். ஷாம்பூவின் சிறு பைக்கற்றுகள் இலங்கையில் 2021இலேயே தடை செய்யப்பட்டுவிட்டன. துவாயை நாள்தோறும் மாற்ற வேண்டாம் என்று ஓர் அட்டையை மாட்டிவிட்டு, "பசுமை விடுதி" எனப் பெயர்ப்பலகை வைப்பதில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை.

உண்மையான சிக்கல் தண்ணீர்தான். இந்த மணற்பாங்கான நிலத்தில் நன்னீர் உவர்நீரின் மேல் ஒரு படையாகவே நிற்பதால், பயணிகள் பெருகும் கோடை மாதங்களில் அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு உவர்ந்துவிடும். மலக்குழிக் கசிவும் மணலில் விரைவாக ஊறி, கிணற்றுக்கும், 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அருகிலுள்ள புறாத்தீவின் முருகைக்கற்பாறைகளைச் (பவளப்பாறைகளை) சூழ்ந்த கடலுக்கும் சென்று சேரக்கூடும். அதிலுள்ள நைதரசன் பாசிகளை வளர்த்து முருகைக்கற்களை மூடச் செய்யும்.

ஆகவே, குளியலறை நீரையும் சலவை நீரையும் கல்வாழை நட்ட சரளைப் பாத்தியில் வடிகட்டித் தோட்டத்துக்குப் பாய்ச்சியவர்கள் எவரேனும் உப்புவெளி, நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். மாரியில் நிலத்தடி நீர் உயரும்போது பாத்தி நிரம்பி வழிகிறதா, கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி அமைத்தீர்கள், சவர்க்காரம் எதைப் பாவிக்கிறீர்கள் என்பன தெரிய வேண்டும். இவ்வேலை தெரிந்த மேசன் ஒருவரைப் பரிந்துரைத்தாலும் பேருதவியாக இருக்கும்.